சிங்க் நின்றால் முதலில் பிழை எண்ணைப் பாருங்கள்

போனில் எழுதிய குறிப்பு லேப்டாப்பில் வரவில்லையா, அதாவது சிங்க் ஆகவில்லையா? செயலியை அழித்துவிட்டு மறுபடி நிறுவுவதை மட்டும் செய்யாதீர்கள். சர்வருக்குப் போய்ச் சேராத குறிப்புகளும் அதோடு போய்விடும்.

என் குறிப்புகள் வெப்டேவ் (இணையம் வழியாகச் சர்வரில் கோப்புகளை வைத்து எடுக்கும் முறை) வழியாகப் போகின்றன. போன வாரம் திடீரென்று 401 காட்டியது, அதாவது சர்வர் உள்நுழைவை ஏற்கவில்லை. கடவுச்சொல் என்னவோ சரிதான். ஆனால் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்ட பிறகு அந்தக் கடவுச்சொல்லை வைத்துச் செயலி உள்ளே போக முடியாது. பாதுகாப்பு அமைப்புகளில் செயலிக்கென்று தனிக் கடவுச்சொல் உருவாக்கி ஒட்டியதும் குறிப்பெல்லாம் மளமளவென்று இறங்கின.

507 என்றால் சர்வரில் இடமில்லை. 423 என்றால் கோப்பு பூட்டியிருக்கிறது, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்.

பிழையே காட்டாமல், செயலியைத் திறந்தால் மட்டும் சிங்க் ஆகிறதா? பெரும்பாலும் பேட்டரி சேமிப்பு பார்க்கும் வேலை அது. (இருக்கிற சார்ஜையெல்லாம் விளம்பரம் தின்னும், குறிப்புக்குத்தான் தடை!) பின்னணியில் இயங்க அனுமதி கொடுத்துவிடுங்கள்.