அரிவரி படித்த மண்டபத்தை அளந்து பார்த்தோம்

திருகோணமலை மாவட்டத்தில், நிலாவெளிக்கு வடக்கே, கடற்கரையில் இருந்து சற்று உள்ளே எங்கள் ஊர். பாடசாலை புது மாடிக் கட்டடத்துக்குப் போனபின் பழைய மண்டபம் உடைந்த கதிரை மேசைகளைப் போடும் இடமாகிவிட்டது. அதை வாசிகசாலையாக்க வேண்டும் என்று ஊர்ச் சங்கத்தில் முடிவெடுத்தோம். முதலில் கிடைத்த மதிப்பீட்டில் “உடைத்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது” என்று எழுதியிருந்தது. சுவர் உப்பி உதிர்கிறதாம், கட்டடத்தின் ஆயுள் முடிந்துவிட்டதாம். நான் அரிவரி, அதாவது பள்ளியின் முதல் வகுப்பு, படித்தது அந்த மண்டபத்தில்தான். மனம் ஒப்பவில்லை.

ஒரு மாதத் தவணை கேட்டோம். நானும், வேலையை விட்டு வீட்டில் இருந்த மேசன் அண்ணன் ஒருவரும், ஏ.எல். (உயர்தரப்) பரீட்சை எழுதிவிட்டு நின்ற இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து அளக்கத் தொடங்கினோம். அளவு நாடா, தூக்குக்குண்டு, நீர்மட்டக் குழாய், ஒரு கொப்பி. வேறெதுவும் தேவைப்படவில்லை.

கட்டியவர்கள் இந்த இடத்தின் வெயிலையும் காற்றையும் அறிந்தவர்கள். நீளச் சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்கின்றன. காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கங்களில்தான் விழும். ஒன்றரைக் கல் தடிப்பில் தூண்கள், இடையில் அரைச் சுவர், அதற்கு மேல் திறந்த வெளி. தென்மேற்கில் இருந்து வீசும் கச்சான் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடும். மாரி மழைச் சாரல் உள்ளே அடிக்காதபடி தாவாரத்தை நன்றாக நீட்டி இறக்கியிருக்கிறார்கள்.

அரைச் சுவர் ஏன் இவ்வளவு கட்டையாக இருக்கிறது என்று ஒரு பிள்ளை கேட்டாள். நல்ல கேள்வி. ஒரு மூலையில் நிலத்தைக் கிண்டினோம். மேலே சாம்பல் நிறச் சீமெந்து, அதற்குக் கீழே சிவப்புச் சீமெந்து, அதற்கும் கீழே சுண்ணாம்பு போட்டு இடித்த பழைய தரை. சுவர் கட்டையில்லை, தரைதான் உயர்ந்திருக்கிறது. வெளியில் முற்றமும் மண் போட்டுப் போட்டு உயர்ந்துவிட்டது. மழைத் தண்ணீர் சுவரோடு தேங்கி நின்றதன் காரணம் அதுதான்.

கூரையில் இப்போது இருப்பது அஸ்பெஸ்டஸ் சீட். ஆனால் பனங் கைமரங்களில் ஏறத்தாழ அடிக்கு ஒன்றாக ஆணித் துளைகள் இருந்தன. சீட்டுக்கு இவ்வளவு நெருக்கமாகச் சலாகை (கைமரத்தின் குறுக்கே அடிக்கும் மெல்லிய சட்டம்) அடிக்கத் தேவையில்லை, தட்டை ஓட்டுக்குத்தான் தேவை. 1964 டிசம்பர் சூறாவளியில் ஓடுகள் பறந்ததை ஊரில் மூத்தவர்கள் இருவர் தனித்தனியாகச் சொன்னார்கள். தனுஷ்கோடியை அழித்த அதே சூறாவளி.

அப்புறம் சுவர். மேசன் அண்ணன் விரல் கணுவால் தட்டிக்கொண்டே போனார். பல இடங்களில் உள்ளே வெறுமையான சத்தம். வெளிப்பூச்சு முழுக்கச் சீமெந்து. அதைப் பெயர்த்தால் செங்கல் மாவாகக் கொட்டியது, ஆனால் கல்லுக்கு இடையிலான சுண்ணாம்புச் சாந்து நன்றாக இருந்தது. “தம்பி, சுவர் மூச்சு விட வழியில்லாமல் இருக்குது” என்றார். நிலத்தில் இருந்து ஏறும் ஈரம் உப்பையும் கொண்டு வருகிறது. சுண்ணாம்புப் பூச்சென்றால் ஈரம் அதன் வழியே காய்ந்துவிடும். சீமெந்து அதை மறித்ததால் பூச்சுக்குப் பின்னாலேயே உப்புப் பூத்துக் கல்லைத் தின்றிருக்கிறது. சுவர் கெட்டது வயதால் அல்ல, பிற்காலத்தில் செய்த பழுதுபார்ப்பால்.

இந்தப் படங்களோடும் அளவுகளோடும் திரும்பப் போனபோதுதான் எங்கள் பேச்சு எடுபட்டது. அதற்குள் காணிக் கடிதத்துக்கு அலைந்தது தனிக் கதை. மிஷன் கட்டிய பாடசாலை, உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்ற 1960ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அரசாங்கத்திடம் போனது, பழைய காணி உறுதிப் பத்திரம் ஓரிடம், கோப்பு வேறிடம். இதே வேலையில் இறங்குகிறவர்கள் முதல் நாளே காணிக் கடிதத்துக்கு எழுதிப் போடுங்கள்.

வேலை மெதுவாகத்தான் நடந்தது. முற்றத்து மண்ணை வெட்டிப் பழைய மட்டத்துக்கு இறக்கினோம். சீமெந்தைச் சிற்றுளியால் பெயர்த்தோம், மாவான கல்லை மாற்றினோம். முன்பு இங்கே முருகைக்கல்லை, அதாவது பவளப் பாறையை, சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுப்பார்கள். கடலில் அதை அகழ்வது இப்போது தடை, தடை சரியானதும்கூட. மூட்டைச் சுண்ணாம்பை வாங்கி ஊற வைத்தோம். ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு உப்புப் படாத ஆற்று மணல். மெல்லிய பூச்சாகப் பூசி, நனைத்த சாக்கு கட்டி, நாட்கணக்கில் பொறுத்து அடுத்த பூச்சு. அவசரப்பட்ட ஒரு பக்கம் வெடித்தது, திரும்பச் செய்தோம்.

வடக்குப் பக்கத்தில் தூண்களுக்கு இடையிலான ஐந்து வெளிகளும் சீமெந்துக் கல்லால் அடைபட்டிருந்தன. 2004 சுனாமிக்குப் பிறகு இங்கே தங்கிய குடும்பங்கள் மறைவுக்காகக் கட்டியவை. காற்று வேண்டும் என்று நான்கை உடைத்துத் திறந்தோம். ஐந்தாவதின் உட்பக்கத்தில் அடுப்புப் புகைக் கரி படிந்திருந்தது. அங்கே சமைத்த அக்கா ஒருவர் வந்து பார்த்துவிட்டு, “இதை மட்டும் விடுங்கோ” என்றார். அதை உடைக்கவுமில்லை, வெள்ளையடிக்கவுமில்லை.

மாரி மழை ஒன்று கடந்துவிட்டது. சுவரின் அடியில் ஈரம் ஏறியது, மழை விட்ட பின் தானாகக் காய்ந்தது. கூரை இன்னும் சீட்டுத்தான். அஸ்பெஸ்டஸ் தூசு மூச்சில் போனால் கேடு என்பதால் வெட்டாமல் உடைக்காமல், நனைத்து, முழுத் தகடாகக் கழற்ற வேண்டும். பாவித்த தட்டை ஓடு சேர்த்துக்கொண்டிருக்கிறோம், பாதிக் கூரைக்குக் கிடைத்துவிட்டது.