செம்பிக்கு ஊரைப் பழக்குகிறேன்

செம்பி என்று ஒரு சிப்பிப்பாறை வேட்டை நாய்க்குட்டி வாங்கியிருக்கிறேன் என்று சொன்னதுமே, மதுரை நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் தெருக்காரர்கள் எல்லாரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள். "யார்கிட்டயும் பழக விடாதீக. கட்டிப்போட்டு வளங்க. அப்பத்தான் கோவக்காரியா வருவா, காவலுக்கு ஆகும்."

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆள் முகமே காட்டாமல் கட்டிப்போட்டு வளர்த்த நாய்க்கு வருவது பெரும்பாலும் பயம்தான். பயந்த நாய் திருடனைப் பார்த்தும் குரைக்கும், கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவரைப் பார்த்தும் குரைக்கும். தப்பிக்க வழியில்லாவிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கடித்துவிடும். செம்பி நல்ல காவல்காரியாக வர வேண்டுமானால், ஊரில் வழக்கமாக நடப்பது எது, வழக்கத்துக்கு மாறானது எது என்று முதலில் அவளுக்குத் தெரிய வேண்டும். கார்த்திகையில் வந்தாள், இப்போது பங்குனி. இத்தனை நாளும் செய்த வேலை பெரும்பாலும் இதுதான். 'உட்காரு', 'இரு' எல்லாம் நடுவில் தானாக வந்து சேர்ந்தன.

நாய்க்குட்டிக்கு 3ஆவது வாரத்திலிருந்து 12, 14 வாரம் வரைக்கும் உள்ள வயது ரொம்ப முக்கியம். அப்போது பார்த்ததையும் கேட்டதையும் முகர்ந்ததையும் அது சுலபமாக ஏற்றுக்கொள்கிறது. அதற்கு மேல் புதிதாக எது வந்தாலும் சந்தேகம்தான். சிக்கல் என்னவென்றால், தடுப்பூசி எல்லாம் முடிவதற்குள் இந்தக் காலம் ஓடிவிடும். 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி, அப்புறம் 3, 4 வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரை போட வேண்டும். வெறிநோய் ஊசி 3 மாதம் ஆனதும். குட்டிகளுக்கு ரத்தக் கழிச்சல் தரும் பார்வோ கிருமியோ மண்ணில் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். எங்கள் தெருவில் தெருநாய்களும் நிறைய. அதற்காக வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தாலும் கெடுதல். விலங்குகளின் நடத்தையைக் கவனிக்கும் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்களின் சங்கம் 2008லேயே இதைச் சொல்லியிருக்கிறது. முதல் ஊசி போட்டு ஒரு வாரம் ஆனதும் ஜாக்கிரதையாகப் பழக்க ஆரம்பிக்கலாம் என்பது அவர்கள் கருத்து. 3 வயதுக்குள் நாய்கள் சாவதற்குத் தொற்றுநோயைவிட நடத்தைக் கோளாறுதான் பெரிய காரணம் என்கிறார்கள். எங்கள் டாக்டர் அதையே சுருக்கமாகச் சொன்னார்: "தரையில விடாதீங்க. தூக்கிட்டு எங்க வேணும்னாலும் போங்க."

தூக்கிக்கொண்டு போனேன். டீக்கடை பெஞ்ச், பள்ளிக்கூடம் விடுகிற நேரம், மாவு மில் வாசல், பஸ் ஸ்டாப். யாரையும் தொடச் சொல்லவில்லை, அவளாக மூக்கை நீட்டினால் மட்டும் தொட விட்டேன். தலைப்பாகை கட்டியவர், ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், கம்பு ஊன்றி நடக்கிறவர் என்று விதவிதமாக மனிதர்களைப் பார்த்தாள். குட்டியைக் கண்டால் எல்லாருக்கும் தலையில் தட்டத்தான் கை போகிறது. மேலிருந்து வரும் கை குட்டிக்குப் பயம். மோவாய்க்குக் கீழே தடவச் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள்.

நான் அதிகம் மெனக்கெட்டது சத்தத்துக்குத்தான். மார்கழி முழுக்க விடிவதற்கு முன்பே கோவில் ஒலிபெருக்கி பாட ஆரம்பித்துவிடும். அந்த நேரத்துக்குத் தினமும் அவித்த கோழி ஈரலைப் பொட்டுக்கடலை அளவுக்கு நறுக்கிக் கையில் வைத்திருப்பேன். பாட்டு தொடங்கினால் ஈரல் வரும், நின்றால் நின்றுவிடும். கொஞ்ச நாளில் ஒலிபெருக்கி கரகரத்ததுமே வாலை ஆட்டிக்கொண்டு என்னைப் பார்க்க ஆரம்பித்தாள்.

பறைச் சத்தம் அவ்வளவு லேசில் வசப்படவில்லை. தையில் மெயின் ரோட்டில் ஒரு சாவு ஊர்வலம் போனது, பறையும் வேட்டுமாக. அவளை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனேன். சத்தம் நெருங்க நெருங்கக் காதைப் பின்னால் மடக்கினாள், தூக்கம் இல்லாமலே கொட்டாவி விட்டாள், உதட்டை நக்கினாள், கண்ணின் வெள்ளை ஓரத்தில் தெரிந்தது. ஈரல் துண்டை நீட்டினேன். வாயில் வாங்கி, மெல்லாமல் கீழே போட்டுவிட்டாள். எனக்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் தெரியாது. பிடித்த தீனி இறங்கவில்லை என்றால் அந்த இடத்தில் எந்தப் பழக்கமும் ஏறாது, தூரம் போய்விட வேண்டும். மாடியின் மறுகோடிக்கு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கொண்டுபோய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கீழே பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், தின்றாள். முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். பயந்த குட்டியைத் தடவினால் பயம் வளரும் என்பார்கள், அது சரியில்லை. பயத்தை வளர்ப்பது, "பழகட்டும்" என்று சத்தத்துக்குப் பக்கத்தில் இழுத்துப் போவதுதான். அதன் பிறகு போனில் பறைச் சத்தத்தைப் பதிந்து, சோறு தின்னும்போது மெதுவாக ஓடவிட்டேன். சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டினேன். இப்போது தெருக்கோடியில் பறை அடித்தால் எழுந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்கிறாள். சித்திரைத் திருவிழாக் கூட்டத்துக்கு மட்டும் அவளைக் கூட்டிப் போகும் எண்ணம் இல்லை. அந்த நெரிசல் நாய்க்கான இடமே இல்லை.

வெளிக்குப் போகும் பழக்கம் சீக்கிரம் வந்துவிட்டது. தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் வேப்பமரத்தடிக்குத் தூக்கிப் போக வேண்டும், போனதும் அங்கேயே பாராட்ட வேண்டும், அவ்வளவுதான். கடிப்பது மாசி வரைக்கும் இருந்தது. பால் பற்கள் 28ம் விழுந்து 42 நிரந்தரப் பற்கள் முளைத்து முடிய 7 மாதம் ஆகும். ஈறு குறுகுறுக்கும்போது எதையாவது கடிக்கத்தான் செய்யும். நனைத்த துண்டை முறுக்கி ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தோம். கையைக் கடித்தால் விளையாட்டை நிறுத்தி எழுந்து போய்விடுவோம். அப்பத்தா உட்பட வீட்டில் எல்லாரும் இதில் ஒரே மாதிரி நடந்துகொண்டார்கள், அதனால்தான் பலித்தது. சிப்பிப்பாறையிடம் அதட்டல் ஆகாது. ஒருமுறை குரலை உயர்த்தினால் வாலை இடுக்கிக்கொண்டு மூலையில் சுருண்டுவிடும், அன்றைக்குப் பாடம் முடிந்தது.

ஊசிகள் முடிந்ததிலிருந்து கீழக்குயில்குடிப் பக்கம், சமணர் மலை அடிவாரத்துக்கு நடக்கப் போய்வருகிறோம். வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டும். புறங்கையைத் தார் ரோட்டில் வைத்துப் பார்த்து, சுட்டால் அவளை நடக்க விடுவதில்லை. அங்கே ஆடு மேய்க்கும் பெரியவர் முதல் நாள் தயங்கினார்.

"தம்பி, முயல் நாயைக் கொண்டாந்து ஆட்டுப் பக்கம் நிப்பாட்டுறீகளே?"

"கயிறு கையில இருக்குய்யா. இப்பவே பாத்துப் பழகிட்டா அப்புறம் விரட்ட மாட்டா."

"அது ரத்தத்துல உள்ளதுப்பா. பாப்போம்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. கண்ணால் பார்த்து ஓடித் துரத்தும் இனம் இது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டை குற்றம், ஆனால் ஓட்டம் உடம்பில் அப்படியே இருக்கிறது. ஆட்டைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினால் ஒரு துண்டு ஈரல் என்று ஆரம்பித்தேன். இப்போது மந்தை தாண்டும்போது நான் கேட்காமலே திரும்பிப் பார்க்கிறாள். பெரியவரும் ஒரு வெள்ளாட்டுக் குட்டியை அவளிடம் முகரக் காட்டினார்.

மயில்தான் இன்னும் பாக்கி. அந்தப் பக்கம் மயில் அதிகம். புதரிலிருந்து ஒன்று படபடத்து எழும்பிவிட்டால், 'வா' என்று நான் கூப்பிடுவது அவள் காதில் விழுவதே இல்லை. அதனால் 10 மீட்டர் பருத்திக் கயிறு கட்டித்தான் விடுகிறேன். கயிற்றைக் கழுத்துப்பட்டையில் மாட்டாமல் நெஞ்சோடு போடும் ஹார்னஸில் மாட்டுகிறேன். இந்த வேகத்தில் ஓடிக் கயிறு சுண்டினால் கழுத்து தாங்காது. மயில் உட்கார்ந்திருக்கும்போதே தூரத்தில் நின்று ஆரம்பிக்கிறோம். நேற்று மயில் நடந்தபோது திரும்பி வந்தாள். பறந்தபோது வரவில்லை.