மாதிரித் துப்பாக்கிகளைக் காரில் கொண்டுபோகும் முறை

எங்கள் நாடகக் குழுவின் மேடைப் பொருட்களைப் பாதுகாக்கும் பொறுப்பு பல ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. நாற்காலி, அரிக்கேன் விளக்கு, பழைய தொலைபேசி, தட்டச்சுப் பொறி ஆகியவற்றோடு இரண்டு மாதிரிக் கைத்துப்பாக்கிகளும் நீளமான மாதிரித் துப்பாக்கி ஒன்றும் அந்தச் சரக்கில் அடக்கம். அவற்றில் எதுவும் சுடாது. குழல்கள் உட்புறம் முழுவதுமாக அடைக்கப்பட்டிருக்கின்றன. ஆனாலும் நாலடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு உண்மையான துப்பாக்கிக்கும் இவற்றுக்கும் வேறுபாடு தெரியாது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவரும் நம்ப வேண்டும் என்பதற்காகவே எடையும் நிறமும் பார்த்துப் பார்த்துச் செய்யப்பட்டவை அவை. அந்த நம்பகத்தன்மை மேடையோடு நின்றுவிடுவதில்லை, தெருவுக்கும் கூடவே வருகிறது என்பதை நான் மிகவும் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

ஓர் இரவு ஒத்திகை முடிந்து பொருட்களை ஏற்றும்போது டிக்கி முழுவதும் அரங்கப் பலகைகளால் நிறைந்துவிட்டது. நீளமான துப்பாக்கியைப் போர்வையில் சுற்றிப் பின்னிருக்கையில் கிடத்திவிட்டு நான் கிளம்பினேன். பெட்ரோல் போடுவதற்காக வண்டியை நிறுத்தி இறங்கியபோது, பக்கத்துக் காரில் இருந்த ஒரு தாய் தன் மகனின் தலையில் கை வைத்து அவனைச் சன்னலுக்குக் கீழே அழுத்துவதைப் பார்த்தேன். அவருடைய மற்றொரு கை இருக்கையில் கைபேசியைத் துழாவிக்கொண்டிருந்தது. பார்வை மட்டும் என் முகத்தை விட்டு விலகவில்லை. காரணம் புரியாமல் திரும்பினேன். வளைவுகளில் நழுவிய போர்வைக்குள்ளிருந்து குழலின் நுனியும், அதன் மேல் குறிபார்ப்பதற்கான சிறு முள்ளும் ஒரு சாண் அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அதை மூட வேண்டும் என்ற பதற்றத்தில் என் கை தானாகவே பின்கதவின் கைப்பிடிக்குப் போனது. அந்த அம்மா முழு உடம்பும் சுருங்கி மகன் மேல் கவிழ்ந்தார். அப்போதுதான், என் கை எதை நோக்கிப் போகிறது என்பது அவர் கண் வழியாக எனக்குத் தெரிந்தது. இரண்டு உள்ளங்கைகளையும் தூக்கிக் காட்டி, "நாடகம்... நாடகம்..." என்று மட்டும் சொன்னேன். அவருக்கு அது கேட்டதா என்று தெரியாது. வண்டி கிளம்பிப் போய்விட்டது.

அன்று காவல்துறைக்கு அழைப்பு போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். 2014ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் தேதி, அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், சிறு பிளாஸ்டிக் பந்துகளை எறியும் ஏர்சாஃப்ட் வகைக் கைத்துப்பாக்கி ஒன்றைப் பூங்காவில் வைத்திருந்த டமீர் ரைஸ் என்ற 12 வயதுச் சிறுவன் காவலர் ஒருவரால் சுடப்பட்டு மறுநாள் இறந்தான். போலி என்று காட்டும் ஆரஞ்சு நிற முனை அந்தத் துப்பாக்கியில் இல்லை. அவசர உதவிக்கு அழைத்தவர், அது அநேகமாகப் போலியாக இருக்கலாம் என்றும், வைத்திருப்பவன் சிறுவனாக இருக்கலாம் என்றும் சொல்லியிருந்தார். அந்த இரண்டு தகவல்களும் களத்துக்குச் சென்ற காவலர்களிடம் சேரவில்லை. அவர்கள் வந்து நின்ற இரண்டு நொடிகளுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. துப்பாக்கி என்ற சொல் போய்ச் சேருகிறது, போலி என்ற சொல் வழியில் உதிர்ந்துவிடுகிறது. நான் இப்போது கடைப்பிடிக்கும் எல்லா முறைகளும் இந்த ஒரு கவலையிலிருந்து வந்தவைதான்.

ஆரஞ்சு முனை இருக்கிறதே என்று சிலர் தைரியமாக இருப்பார்கள். அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பொம்மைத் துப்பாக்கிகளின் குழல் முனையில் பளிச்சென்ற ஆரஞ்சு அடைப்பு இருக்க வேண்டும். அது முனையிலிருந்து 6 மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே போயிருக்கக் கூடாது. ஜப்பானில் 1971 முதல் உலோகத்தாலான மாதிரிக் கைத்துப்பாக்கிகள் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருக்க வேண்டும், குழலும் அடைபட்டிருக்க வேண்டும். இவை பயனுள்ள விதிகள்தான். இருந்தாலும் உறைக்குள் செருகியிருக்கும்போதும், பின்புறத்திலிருந்து பார்க்கும்போதும், இருட்டிலும் அந்த முனை கண்ணில் படாது. உண்மையான துப்பாக்கிக்கே ஆரஞ்சு வண்ணம் பூச முடியும் என்பது காவலர்களுக்கும் தெரியும். ஆகவே நிறத்தை நம்பி எந்தத் துப்பாக்கியையும் இருக்கையில் வைப்பதில்லை.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் சொந்த இடத்து விதியைப் படித்துவிட்டுத்தான் வண்டியில் ஏற்ற வேண்டும். எல்லை தாண்டிப் போகும் குழுக்கள் இதில் இரு மடங்கு கவனமாக இருக்க வேண்டும், ஏனெனில் கனடா போன்ற நாடுகளில் உண்மையைப் போலவே தோன்றும் மாதிரித் துப்பாக்கி தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலிலேயே இருக்கிறது. பிரிட்டனில் 2006ஆம் ஆண்டின் வன்முறைக் குற்றக் குறைப்புச் சட்டம் இவற்றைச் செய்வதையும் விற்பதையும் இறக்குமதி செய்வதையும் கட்டுப்படுத்துகிறது. நாடகம், திரைப்படம், அருங்காட்சியகம் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கைத் தெருவில் காட்டிக்கொண்டு போவதற்கான அனுமதி என்று பலர் தவறாக எண்ணுகிறார்கள். அங்கே 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டத்தின் 19ஆம் பிரிவு தனியாக நிற்கிறது. தகுந்த காரணமில்லாமல் பொது இடத்தில் போலித் துப்பாக்கியை வைத்திருப்பதே அதன்படி குற்றம். ஜெர்மனியின் விதி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, ஏனெனில் அது செய்ய வேண்டியதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது: 2008 முதல், உண்மையைப் போலத் தோன்றும் துப்பாக்கிகளைப் பொது இடத்தில் கையில் கொண்டு திரியக் கூடாது, ஆனால் பூட்டிய பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோகலாம். உங்கள் ஊரின் சட்டம் இதைக் கேட்காவிட்டாலும் பூட்டிய பெட்டி என்பதை முதல் விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். துணிப்பை உருவத்தை மறைக்காது. நீளமான துப்பாக்கியைத் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டினால் அதன் கோடு அப்படியே வெளியே தெரியும். துப்பாக்கி வைப்பதற்கென்றே விற்கப்படும் பெட்டிகளையும் நான் வாங்குவதில்லை, ஏனெனில் அந்த வடிவத்தைப் பார்த்தாலே உள்ளே என்ன இருக்கிறது என்று திருடனுக்கும் தெரியும், பயப்படுகிறவருக்கும் தெரியும். நான் வைத்திருப்பது ஒலிக்கருவிகளை எடுத்துச் செல்லும் சாதாரணக் கறுப்புப் பெட்டி. உள்ளே இரண்டு விரற்கடை கனமுள்ள நுரைப்பஞ்சை விரித்து, ஒவ்வொரு துப்பாக்கியையும் அதன் மேல் வைத்துப் பென்சிலால் வரைந்து, கத்தியால் குழி வெட்டியிருக்கிறேன். குழி வெட்டியதில் எதிர்பாராத ஒரு நன்மை கிடைத்தது. பெட்டியைத் திறந்தவுடன் எந்தக் குழி காலியாக இருக்கிறது என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடுகிறது. எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. மூடியின் உட்புறத்தில், "நாடக மேடைப் பொருட்கள். உண்மையான ஆயுதம் எதுவும் இல்லை" என்று பெரிய எழுத்தில் எழுதிய தாளும், குழுவின் பெயரில் உள்ள கடிதத்தின் நகலும் ஒட்டப்பட்டிருக்கின்றன. மூடியின் வெளிப்புறத்தில் ஒன்றும் எழுதவில்லை.

ஏற்றுவதும் இறக்குவதும் பயணத்தை விட ஆபத்தானவை. காரில் போகும்போது பொருள் மூடியிருக்கிறது. வாசலில் நின்று ஒழுங்குபடுத்தும்போதுதான் அது வெளியே வருகிறது. எனவே பெட்டியை வீட்டுக்குள்ளேயே மூடிப் பூட்டிவிட்டு அப்படியே டிக்கிக்குக் கொண்டுபோகிறேன்; அரங்கத்துக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் திறக்கிறேன். "சும்மா ஒரு தடவை காட்டுங்களேன்" என்று வாகன நிறுத்துமிடத்தில் கேட்கும் நண்பர்களிடம் இல்லை என்று சொல்லப் பழகிக்கொண்டேன். இளம் நடிகர்கள் சிலர் வேடத்தோடும் இடுப்பு உறையோடும் அப்படியே காரில் ஏறிவிடுவார்கள். அவர்களிடம் கனிவாக, ஆனால் விட்டுக்கொடுக்காமல் உறையைக் கழற்றி வாங்கிவிட வேண்டும்.

டிக்கியில் பெட்டி நகராமல் இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். நீளமான உலோக மாதிரிகள் மூன்று நான்கு கிலோ எடைகூட இருக்கும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி மோதி நின்றால், கட்டப்படாத பொருள் அதே வேகத்தில் முன்னால் பாயும். பின்னிருக்கைக்குப் பின்னால் டிக்கி திறந்தே இருக்கும் வகைக் கார் என்றால், பெட்டியை இருக்கையின் முதுகோடு ஒட்டிப் படுக்க வைத்து, தரையில் உள்ள வளையங்களில் பட்டையால் கட்டி, மேலே கறுப்புத் துணியைப் போட்டுவிடுவேன்.

இவ்வளவும் செய்த பிறகு ஒருமுறை வழியில் டயர் பஞ்சரானது. மாற்று டயரும் ஜாக்கியும் டிக்கியின் அடித்தளத்துக்குக் கீழே இருந்தன. அவற்றை எடுக்க வேண்டுமானால் பெட்டியைத் தூக்கிச் சாலையோரத்தில் வைக்க வேண்டும். உதவிக்கு வந்த ஒருவர், "நான் எடுக்கிறேன் சார்" என்று பெட்டியின் பிடியைப் பற்றினார். பூட்டு இருந்ததால் பிழைத்தேன். பழைய போர்வையாக இருந்திருந்தால் நடுச்சாலையில் அது அவிழ்ந்திருக்கும். அன்றிலிருந்து மாற்று டயரையும் ஜாக்கியையும் சக்கரம் கழற்றும் கருவிகளையும் கிளம்பும் முன்பே வெளியே எடுத்து, பெட்டியை நகர்த்தாமல் எடுக்கக்கூடிய இடத்தில் வைத்துக்கொள்கிறேன். பணிமனைக்குக் காரை விடும் நாளிலும், வேறொருவரிடம் சாவியைக் கொடுக்கும் நாளிலும் பெட்டி காரில் இருக்கவே கூடாது.

பந்து எறியும் ஏர்சாஃப்ட் வகையைக் கொண்டுபோகிறவர்களுக்கு வேறு சில வேலைகளும் உண்டு. பந்துகள் நிரப்பும் மேகசினைக் கழற்றுவதோடு, துப்பாக்கியின் உள்ளறைக்குள் ஒரு பந்து தங்கியிருக்கலாம் என்பதை நினைவில் வைத்து, பாதுகாப்பான திசையில் அதை வெளியேற்றி, குழலின் முனைக்கு உறை மாட்டிவிட வேண்டும். லித்தியம் பாலிமர் பேட்டரியைத் துப்பாக்கியிலிருந்து பிரித்து, தீத்தாங்கும் பையில் தனியாக வைக்க வேண்டும். வெயிலில் நிற்கும் காரின் உட்புறம் 50 டிகிரி செல்சியஸையும் தாண்டிச் சூடாகும். சில ஏர்சாஃப்ட் துப்பாக்கிகளை இயக்கும் எரிவாயுக் குப்பிகளின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் எச்சரிக்கையும் பெரும்பாலும் அந்த 50 டிகிரியைத்தான் சொல்கிறது. ஆகவே குப்பிகளையும் பேட்டரியையும் நிறுத்திய காரில் விட்டுச் செல்ல வேண்டாம். குண்டில்லாத வெற்றுத் தோட்டாவை வெடிக்கும் துப்பாக்கி இதில் எதிலும் சேராது; அதை மாதிரி என்று கருதாமல், அதற்குரிய பயிற்சியும் அனுமதியும் பெற்றவரிடமே விட்டுவிட வேண்டும்.

காவலர் வண்டியை நிறுத்தச் சொன்னால் என்ன சொல்வது என்பதையும் ஓர் ஒத்திகை போலவே பழகியிருக்கிறேன். நம் மொழியின் வாக்கிய அமைப்பை இங்கே கவனிக்க வேண்டும். "டிக்கியில் துப்பாக்கி இருக்கிறது, ஆனால் அது உண்மையானது அல்ல" என்று சொன்னால், அல்ல என்பது கடைசியில்தான் வருகிறது. கேட்பவரின் கை அதற்குள் எங்கே போயிருக்கும் என்று சொல்ல முடியாது. அன்று பெட்ரோல் நிலையத்தில் பதற்றத்தில் என் வாயில் வந்த சொல்லே சரியான முதல் சொல். எஞ்சினை நிறுத்தி, உள்விளக்கைப் போட்டு, இரு கைகளையும் ஸ்டியரிங்கின் மேல் வைத்துக்கொண்டு, "ஐயா, நாங்கள் நாடகக் குழு. மேடைப் பொருட்கள் பூட்டிய பெட்டியில் இருக்கின்றன. அவற்றில் பொம்மைத் துப்பாக்கிகளும் உண்டு" என்று சொல்கிறேன். ஒருமுறை சோதனையில் இப்படிச் சொன்னபோது அந்தக் காவலர் பெட்டியைப் பார்க்க விரும்பினார். நான் இறங்கவில்லை, சாவி எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லிவிட்டு, நானே திறக்கட்டுமா அல்லது அவர் திறக்கிறாரா என்று கேட்டேன். அவரே திறந்தார். மூடியின் உட்புறத்தில் இருந்த தாளைத்தான் முதலில் படித்தார், பிறகுதான் குழிகளைப் பார்த்தார். மூடியை அவரே சாத்திவிட்டு, எந்த நாடகம் என்று கேட்டார்.

திரும்பி வரும் பயணத்தில்தான் நான் இன்னும் அதிகமாகப் பயப்படுகிறேன். காட்சி முடிந்து, எல்லோரும் களைத்து, அரங்கத்தைக் காலி செய்யச் சொல்லும் நேரத்தில் கையில் கிடைத்ததைக் கிடைத்த இடத்தில் திணிக்கும் மனநிலை வந்துவிடுகிறது. அந்தப் போர்வையும் அப்படி ஓர் இரவில்தான் வந்தது. அதனால் திரை மூடியவுடன் முதலில் துப்பாக்கிகளை வாங்கிக் குழிகளில் வைத்துப் பூட்டிவிடுகிறேன். பலகைகளும் நாற்காலிகளும் அதற்குப் பிறகுதான். டிக்கியில் முதல் இடம் பெட்டிக்கு. மற்றவை இடமில்லாமல் போனால் அவை மறுநாள் வரட்டும். வீடு வந்து சேர்ந்ததும் எவ்வளவு நேரமானாலும் அன்றிரவே பெட்டியை உள்ளே எடுத்து, விளக்கைப் போட்டுத் திறந்து, மூன்று குழிகளும் நிறைந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போகிறேன்.