ஆண்டு போடாத சேலம் நோட்டீசுக்கு வயது பார்ப்பது

பழைய கல்யாணப் பத்திரிகை, ஜவுளிக்கடை நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம் எதிலும் பெரும்பாலும் ஆண்டு இருக்காது. விலை ந.பை. (நயா பைசா) என்றிருந்தால் 1957-64ஐ ஒட்டியது. முகவரியில் 636 என்று தொடங்கும் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது.

எழுத்துதான் ஏமாற்றும். தும்பிக்கை வைத்த பழைய லை, னை இருப்பதால் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்த 1978க்கு முந்தையது என்று முடிவுகட்டாதீர்கள். ஈய எழுத்து முழுவதையும் மாற்றப் பணம் வேண்டுமே, சின்ன அச்சகங்கள் பழசையே கோத்துக்கொண்டிருந்தன. புது வடிவமும் உறுதியான சாட்சியில்லை. பெரியாரின் ‘குடி அரசு’ 1935லேயே சீர்திருத்த எழுத்துக்கு வந்துவிட்டது. 1944இல் திராவிடர் கழகம் பெயர் பெற்றதே நம் சேலத்தில்தான். அதனால் கட்சித் துண்டறிக்கை என்றால் இன்னும் கவனம் தேவை.

தாளைத் திருப்பி விரலால் தடவுங்கள். எழுத்து புடைத்திருந்தால் ஈய அச்சு. ஆஃப்செட் அச்சில் அது தட்டுப்படாது.

தயவுசெய்து லேமினேட் மட்டும் போடாதீர்கள், பிறகு தாளைப் பிரிக்கவே முடியாது.