அப்பாவின் பாஸ்பரஸ் குறைக்கும் மாத்திரை: எது ஒத்துவந்தது?

அப்பாவுக்கு வாரம் இரண்டு டயாலிசிஸ். பொட்டாசியம், யூரியா எல்லாம் நன்றாகவே இறங்கும். பாஸ்பரஸ் மட்டும் அடம்பிடிக்கும். அதில் பெரும்பகுதி எலும்பிலும் செல்களுக்குள்ளும் கிடப்பதால், நான்கு மணி நேரத்தில் மெஷினால் கொஞ்சம்தான் இழுக்க முடியும். ரத்தத்தில் அதன் அளவு 7.4-க்குப் போனபோது ராத்திரி முழுக்க முதுகைச் சொறிந்துகொண்டே இருந்தார். 5.5-க்குள் கொண்டுவர வேண்டும் என்றார் டாக்டர்.

முதலில் எழுதிக் கொடுத்தது கால்சியம் அசிடேட், 667 மி.கி. விலை குறைவு, வேலையும் செய்யும். ஆனால் சாப்பாட்டோடுதான் போட வேண்டும். அப்போதுதான் உணவில் உள்ள பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு வெளியேற்றும். வெறும் வயிற்றில் போட்டால் கால்சியம்தான் உடம்பில் ஏறும்.

சில மாதங்களில் பாஸ்பரஸ் இறங்கியது, ஆனால் கால்சியம் 10.6 வந்துவிட்டது. வயிற்றுப் பக்க எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, முதுகெலும்புக்கு முன்னால் ஓடிய வெள்ளைக் கோட்டை டாக்டர் விரலால் காட்டினார். "பெரிய ரத்தக்குழாயில கால்சியம் படிஞ்சிருக்கு சார். இனி கால்சியம் மாத்திரை வேண்டாம்."

கால்சியம் இல்லாததில் இரண்டைச் சொன்னார். லாந்தனத்தை நன்றாக மென்று சாப்பிட வேண்டும்; அப்பாவுக்குக் கடைவாய்ப் பல்லே இல்லை. அதனால் செவலமர் 800 மி.கி. முழுசாக விழுங்க வேண்டும், மெல்லக் கூடாது. விலை கூடுதல்தான், ஆனால் ரத்தக்குழாய் விஷயத்தில் பேரம் பேச எங்களுக்கு மனசு வரவில்லை.

செவலமரில் உண்மையான தொல்லை மலச்சிக்கல். மற்றவர்களுக்கென்றால் தண்ணீர் நிறையக் குடி, வாழைப்பழம் சாப்பிடு என்று சொல்லிவிடலாம். டயாலிசிஸ்காரருக்குத் தண்ணீரும் அளவு, பொட்டாசியத்துக்குப் பயந்து பழமும் அளவு. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. நாங்களாக மாத்திரையை நிறுத்தாமல் டாக்டரிடம் போய்ச் சொன்னோம். லாக்டுலோஸ் சிரப் கொடுத்தார். அப்புறம் எந்த வேளைக்கு என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார். இட்லி, இரவு தோசைக்கு ஒவ்வொன்று, பாஸ்பரஸ் அதிகமுள்ள மீனும் தயிரும் சேரும் மதியத்துக்கு இரண்டு என்று பிரித்துக் கொடுத்தார். இந்தக் கேள்வியை எல்லா டாக்டரும் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நாமே சொல்லிவிடலாம்.

இப்போது 5.3. அரிப்பு நன்றாகக் குறைந்திருக்கிறது. மாதா மாதம் பாஸ்பரஸோடு கால்சியமும் சேர்த்துப் பார்க்கிறோம்; கால்சியத்தையும் பாஸ்பரஸையும் கட்டுப்படுத்தும் பி.டி.எச். ஹார்மோனை டாக்டர் சொல்லும்போது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் சட்டைப்பையில் மாத்திரை இருக்கும், இலை போட்டதும் எடுத்துப் போட்டுக்கொள்வார்.