அக்யூட் என்றால் கடுமை மட்டுமா?

அம்மாவின் ரிப்போர்ட்டில் 'அக்யூட் பிராங்கைட்டிஸ்' என்று இருந்தது. பிராங்கைட்டிஸ் என்றால் மூச்சுக்குழாய் அழற்சி. தம்பி போனில் அர்த்தம் தேடி, 'கடுமையான' என்று சத்தமாகப் படித்துவிட்டான். அம்மா கஞ்சி டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

மருத்துவத்தில் அந்தச் சொல் முதலில் காலத்தைத்தான் சொல்கிறது. திடீரென்று வந்தது, நாள்பட்டது அல்ல என்று பொருள். மூச்சுக்குழாய் அழற்சியில் இந்த வகை பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். எதிர்ச்சொல்லான 'க்ரானிக்', காலத்தைக் குறிக்கும் 'க்ரோனோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

அக்யூட்டின் வேர் லத்தீன். 'அகூட்டுஸ்' என்றால் கூராக்கப்பட்டது. ஊசிக்கு அங்கே 'அகுஸ்'. சுருக்கென்று குத்தும் வலி, கூரிய அறிவு, பள்ளியில் நாம் வரைந்த குறுங்கோணம், எல்லாம் ஆங்கிலத்தில் இந்த ஒரே சொல்தான். 'க்யூட்' கூட இதன் முதலெழுத்து உதிர்ந்து பிறந்ததே! 18ஆம் நூற்றாண்டில் அது கெட்டிக்காரரைக் குறித்தது. அழகு என்ற பொருள் அப்புறம் வந்து சேர்ந்தது.

மாரடைப்புக்கும் இதே அடைமொழி உண்டு, அதனால் அசட்டையாக இருக்கச் சொல்லவில்லை. ஆனால் தமிழில் மருத்துவம் எழுதுகிறவர்கள் 'திடீர்' என்பதையும் பக்கத்தில் சேர்த்து எழுதுங்களேன். அதை விளக்கிச் சொன்ன பிறகுதான் அம்மா மிச்சக் கஞ்சியைக் குடித்தார்.