பசி இல்லாத நேரத்துப் பசி

வீடு உறங்கிய பிறகு, விளக்கைக்கூடப் போடாமல் சமையலறையில் நின்று, வயிறு நிறைந்து வலித்த பின்னும் கை நிற்காமல் உண்ட இரவுகள் எனக்குப் பல உண்டு. அதை வாயைக் கட்டத் தெரியாததன் விளைவு என்றே நெடுங்காலம் நம்பியிருந்தேன்.

1985இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் எடைக் குறைப்புச் சிகிச்சை அளித்துவந்த மருத்துவர் வின்சென்ட் ஃபெலிட்டி, எடை நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் விலகிச் செல்வதைக் கண்டார். அவர்களிடம் விரிவாகப் பேசியபோது, பலர் சிறுவயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் என்பதும், பருத்த உடல் சிலருக்குப் பிறர் பார்வையிலிருந்து காக்கும் கவசமாக இருந்ததும் தெரியவந்தன. மருத்துவர் நோயென்று கண்டதை அவர்கள் மருந்தாகக் கொண்டிருந்தார்கள். அவரும் ஆய்வாளர் ராபர்ட் ஆண்டாவும் பிறருடன் சேர்ந்து 1998இல் வெளியிட்ட ஆய்வு, குழந்தைப் பருவத்தில் பட்ட துன்பங்களின் வகைகள் கூடக்கூட, வளர்ந்த பின் குடி, புகைப்பழக்கம், கடும் உடற்பருமன் ஆகியவையும் கூடுதலாகக் காணப்படுவதைக் காட்டியது. 2013இல், 57,000க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண் செவிலியரை ஆராய்ந்தவர்கள், சிறுவயதில் கடுமையான வன்முறைக்கு உள்ளானவர்களிடம் வேண்டாமென்று நினைத்தும் உண்பதை நிறுத்த இயலாத 'உணவு அடிமைத்தனத்தின்' அறிகுறிகள் ஏறத்தாழ இருமடங்கு இருப்பதாகக் கண்டார்கள்.

'உணவு அடிமைத்தனம்' என்பது அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் தனி நோயாக இன்னும் இடம்பெறவில்லை. கட்டுப்பாடிழந்து மிகையாக உண்ணும் கோளாறு மட்டும் 2013இல் அதில் தனி நோயாகச் சேர்ந்தது. பெயர் எதுவாயினும், உள்ளே நடப்பது ஓரளவு விளங்குகிறது. எப்போது அடி விழும், எப்போது குரல் உயரும் என்று காத்திருந்தே வளரும் குழந்தையின் உடலில், அச்சத்தை எதிர்கொள்ள உதவும் கார்டிசால் என்னும் ஹார்மோன் சுரப்பின் ஒழுங்கே குலையக்கூடும். இனிப்பும் கொழுப்பும் செறிந்த உணவோ சற்று நேரத்துக்கு மனத்தை அமர்த்துகிறது. அணைத்துக்கொள்ள ஆளில்லாத குழந்தைக்கு எட்டும் உயரத்தில் இருந்த ஆறுதல் அது ஒன்றுதான். துன்பப்பட்ட எல்லோரும் இப்படி ஆவதில்லை, இப்படி உண்பவர் எல்லோருக்கும் துயரமான இளமை இருந்ததும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் காரணம் கேளாமல் கடும் பத்தியத்தை மட்டும் விதித்தால், பட்டினிக்குப் பின் மிகையுணவு இன்னும் மூர்க்கமாகத் திரும்புகிறது. எனக்கு மூன்று முறை திரும்பியது.

என்னை எடைபார்த்த மருத்துவர்கள் எல்லோரும் என்ன உண்கிறாய், எவ்வளவு உண்கிறாய் என்றே கேட்டார்கள். மனநல ஆலோசகர் ஒருவர்தான், இப்படி ஒளிந்து உண்டது முதன்முதலில் எப்போது என்று கேட்டார். ஒன்பது வயதில், அடுத்த அறையில் பாத்திரங்கள் பறந்துகொண்டிருந்த ஓர் இரவில் என்ற விடை, நான் யோசிப்பதற்கு முன்பே வாயில் வந்தது. இப்போது அத்தகைய இரவுகள் குறைந்துவிட்டன. யாரேனும் என்னிடம் குரலை உயர்த்திப் பேசிய நாள்களில் மட்டும் கை இன்னும் அலமாரியைத் தேடுகிறது.